இன்சுலினுக்குப் பின் எழுந்த வினா

1922ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அது பெரும்பயன் தரவில்லை. பன்னிரு நாட்களின் பின், தூய்மைப்படுத்தி ஏற்றிய மருந்தே அவனைக் காத்தது. அதுகாறும் கடும் நீரிழிவுற்ற இளையோரை மாய்த்து வந்தது நினைவிழந்த மயக்கநிலையே. அம்மரணம் அகன்றதும், நீண்டு வாழ்ந்தோரை வேறொரு பகை எதிர்கொண்டது. அதுவே இருதய நாடிகளின் அடைப்பு.

அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948இல் 5,209 பேரைக்கொண்டு தொடங்கிய ஆய்வு, இருபதாண்டுக் கணக்கைக்கொண்டு 1979இல் இத்தொடர்பை நிறுவியது. நீரிழிவு ஆடவரினும் பெண்டிருக்கே, விகித அளவில், மிகுந்த இருதயக் கேட்டினை விளைவித்தமை அதன் முடிபுகளுள் ஒன்று.

அங்ஙனமாயின், குருதியிலுள்ள குளுக்கோசை இயன்றமட்டும் குறைத்தல் போதுமன்றோ? பலரும் அவ்வாறே எண்ணினர், எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும், பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குபற்றிய ‘அக்கோட்’ ஆய்வில், மிகக் கண்டிப்பாகக் குளுக்கோசு குறைக்கப்பட்டோருள் 257 பேரும் வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 203 பேரும் இறந்தனர். ஆதலின் 2008இல் அக்கண்டிப்பான சிகிச்சை நிறுத்தப்பட்டது. டென்மார்க்கின் ஸ்தெனோ நிலையத்தாரோ 160 நோயாளரைக்கொண்ட ஆய்வில், ஒரு சாராருக்குக் குளுக்கோசுடன் குருதியமுக்கத்தையும் கொழுப்பையும் ஒருங்கே அடக்கினர்; ஏனையோரைவிட அவர்களிடையே இருதய, நாடி நோய்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை 2003இல் வெளியாயிற்று.