துப்பாக்கி சுடும் போட்டிகளும் விதியை வளைப்போரும்

துப்பாக்கி சுடும் போட்டியில் எதிராளி முன்னால் நிற்பதில்லை. கபடியிலோ மல்யுத்தத்திலோ ஒருவர் செய்யும் தவறு மற்றவர் உடலில் படும், உடனே தெரிந்துவிடும். சுடுதளத்தில் ஒவ்வொருவரும் தம் தடத்தில் நின்று தம் இலக்கை மட்டுமே பார்க்கின்றனர். பக்கத்துத் தடத்தில் நடக்கும் தவறு மதிப்பெண் பட்டியலில் ஒரு புள்ளியாகத்தான் வெளிவரும். இவ்விளையாட்டின் விதிநூல்கள் தடித்திருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

விதியை மீறுவது வேறு, வளைப்பது வேறு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு குண்டு சுடுபவர் விதியை மீறுகிறார். சட்டையின் கனம் 2.5 மி.மீ.க்கு மிகக்கூடாது என்று விதி இருக்கும்போது, அந்தக் கனத்துக்குள்ளேயே பலகைபோல் விறைத்த துணியைத் தேடிப் பிடித்துத் தைத்துக்கொள்பவர் அதை வளைக்கிறார். முன்னவரைத் தண்டிப்பது எளிது. பின்னவரைத் தண்டிக்க முடியாது. விதியைத்தான் திருத்தி எழுத வேண்டும். சம்பளம் பெறும் நடுவர்கள் இல்லாத அமெச்சூர் போட்டிகளில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே மேற்பார்ப்பவரும் மதிப்பெண் எண்ணுபவரும் பெரும்பாலும் அதே சங்கத்து உறுப்பினர்களே.

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், வேலூர்–போளூர் சாலையில் அமைந்த சந்தவாசல் போன்ற ஊர்களில் துப்பாக்கி என்றதும் விளையாட்டு நினைவுக்கு வருவது அரிது. மலையூர்களில் வேட்டைக்குப் பயன்பட்ட நாட்டுத் துப்பாக்கிகளும், உரிமம் இல்லாதவற்றை ஒப்படைக்கச் சொல்லும் காவல்துறை அறிவிப்புகளுமே அங்கே முதலில் நினைவுக்கு வரும். இத்தகைய ஊர்களின் மாணவர் துப்பாக்கியைப் போட்டிக்காகக் கையில் எடுக்கும் முதல் வாய்ப்பு, பெரும்பாலும் 1948-இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையின் .22 ரைபிள் பயிற்சிதான். காகித இலக்கு, எண்ணிக் கொடுக்கப்பட்ட குண்டுகள், அட்டையில் விழுந்த துளைகளை எண்ணும் ஒருவர்: இந்த எளிய அமைப்பில் நேர்மைக்கு எங்கெங்கே சோதனை வரும் என்பதை இவ்விளையாட்டு நூற்றைம்பது ஆண்டுகளாகக் கற்றுவந்துள்ளது.

விம்பிள்டனும் கிரீட்மூரும்

அமெச்சூர் ரைபிள் போட்டிகள் முறையான வடிவம் பெற்றது இங்கிலாந்தில். 1859-இல் அங்கே தேசிய ரைபிள் சங்கம் அமைந்தது. 1860 சூலையில் விம்பிள்டன் வெளியில் நடந்த முதல் கூட்டத்தை விக்டோரியா அரசி தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்தி முன்பே குறிபார்த்து வைத்திருந்த விட்வொர்த் ரைபிளின் விசையை அவர் ஒரு கயிற்றால் இழுத்தார். 400 கெஜத் தொலைவில் குண்டு இலக்கின் மையத்தருகே பட்டது. (அமெச்சூர் விளையாட்டின் முதல் வேட்டே பிறர் குறிபார்த்துக் கொடுத்ததாக அமைந்தது ஒரு வேடிக்கை.) 1890-இல் கூட்டம் பிஸ்லிக்கு மாறியது.

அமெரிக்காவில் 1871-இல் இதே போன்றதொரு சங்கம் தோன்றி, நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் சுடுதளம் அமைத்தது. 1874 செப்டம்பரில் அங்கே அயர்லாந்து அணிக்கும் அமெரிக்க அணிக்கும் நடந்த போட்டி இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நேரான சான்று. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் ஒவ்வொருவருக்கும் பதினைந்து குண்டுகள். மையத்தில் பட்டால் 4 புள்ளி. அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு மையத்தில்தான் பட்டது. ஆனால் அது அவருடைய இலக்கு அன்று, பக்கத்து இலக்கு. விதிப்படி அதற்குப் பூச்சியம். முடிவில் அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அந்த 4 புள்ளி சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935 பெற்று ஒரு புள்ளியில் வென்றிருக்கும்.

மில்னர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. நன்றாகவே சுட்டார். ஆயினும் விதி அவர் மனத்தைப் பார்க்கவில்லை, இலக்கை மட்டுமே பார்த்தது. கடுமையாகத் தோன்றும் இந்த அணுகுமுறைக்கு நியாயம் உண்டு. ‘என் குண்டுதான் அங்கே பட்டது’ என்ற சொல்லுக்கு ஒருமுறை புள்ளி கொடுத்துவிட்டால், அடுத்த போட்டியில் அதே சொல்லைப் பொய்யாகச் சொல்பவரைத் தடுக்க வழியிராது.

130 ஆண்டுகளுக்குப் பின், 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில், அமெரிக்காவின் மேத்யூ எம்மன்சு 50 மீட்டர் மூன்றுநிலை ரைபிள் போட்டியின் கடைசிக் குண்டில் இதே தவற்றைச் செய்தார். இரண்டாம் தடத்தில் நின்று மூன்றாம் தடத்து இலக்கைச் சுட்டார். முதலிடத்தில் இருந்தவர் எட்டாம் இடத்துக்கு இறங்கினார். தங்கம் சீனாவின் ஜியா சான்போவுக்குச் சென்றது. விதி மாறவில்லை.

திறந்த தவறும் மறைத்த தவறும்

இன்று பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளே உலகெங்கும், இந்திய மாநிலப் போட்டிகள் வரை, அடிப்படையாக உள்ளன. அவற்றில் மிகச் சிறந்த பகுதி தண்டனைகளைப் பற்றியது. நிற்கும் நிலையில் பிழை, பிறருக்கு இடையூறு போன்ற வெளிப்படையான தவறுகளுக்கு முதலில் எச்சரிக்கை தரப்பட வேண்டும். திருத்திக்கொள்ள வாய்ப்பு அளிக்க வேண்டும். திருந்தாவிட்டால் இரண்டு புள்ளி குறைப்பு, அதன்பின் தகுதிநீக்கம். எச்சரிக்கைக்கு மஞ்சள் அட்டை, புள்ளிக் குறைப்புக்குப் பச்சை அட்டை, தகுதிநீக்கத்துக்குச் சிவப்பு அட்டை. இந்த விளையாட்டில் பச்சை நல்ல நிறமன்று.

வேண்டுமென்றே மறைத்துச் செய்த தவற்றுக்கு இந்தப் படிகள் இல்லை. நேரே சிவப்பு அட்டை. நடந்ததைப் பற்றிக் கேட்கும்போது தெரிந்தே பொய் சொன்னால் இரண்டு புள்ளி போகும். கடுமையான நேர்வில் தகுதிநீக்கம் வரும். ஆக, தவற்றின் அளவைவிட அது மறைக்கப்பட்டதா என்பதே தண்டனையை முடிவு செய்கிறது. ஒருவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்குள் நடுவர் போக வேண்டியதில்லை, ‘மறைத்தாரா?’ என்று கேட்டால் போதும்.

தம் இலக்கில் தாம் சுடாத குண்டு விழுந்திருந்தால், சுடுவீரர் அதை உடனே சுடுதள அலுவலரிடம் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் செல்லாது. அது அவர் சுட்டதன்று என்று அலுவலரால் உறுதிசெய்ய முடியாவிட்டால், அவர் கணக்கிலேயே எழுதப்படும். பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு குண்டு வந்தது உறுதியாகி, எது எவருடையது என்று பிரிக்க முடியாவிட்டால், இலக்குக்கு உரியவருக்கு உயர்ந்த மதிப்புள்ள துளை கிடைக்கும். வேறொருவர் சுட்டதற்குச் சான்றே இல்லாமல் துளைகள் மட்டும் கூடுதலாக இருந்தால், உயர்ந்த மதிப்புள்ளதே நீக்கப்படும். ஒரே மாதிரியான இரண்டு நிலைமைகளுக்கு எதிரெதிரான தீர்வுகள். முதலாவதில் பிறர் தவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு ஐயத்தின் பயன் தரப்படுகிறது. இரண்டாவதில் கூடுதல் குண்டு சுட்டு அதில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளும் ஆசை அடைக்கப்படுகிறது.

காகித இலக்குகளுக்குச் சற்றுப் பின்னே இன்னொரு தாளைக் கட்டி வைப்பதும் இதற்காகவே. இரு தாள்களிலும் உள்ள துளைகளை ஒப்பிட்டால் குண்டு எந்தத் தடத்திலிருந்து சாய்வாக வந்தது என்பது தெரியும். ஒரே துளைக்குள் இரண்டு குண்டு போயின என்ற உரிமைகோரலையும் சரிபார்க்கலாம். கோட்டில் படும் துளையை அளவி செருகி முடிவுசெய்வர். அளவியை ஒருமுறைதான் செருகலாம்; மறுபடி மறுபடி செருகினால் துளையே பெரிதாகிவிடும்.

சட்டையின் விறைப்பு

வளைப்போரின் வரலாற்றில் மிக நீண்ட அத்தியாயம் உடையைப் பற்றியது. ரைபிள் வீரர் அணியும் கனத்த சட்டை, முதலில் துப்பாக்கி வாரின் அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் தணிக்க வந்தது. நாளடைவில் அது உடலைத் தாங்கி நிறுத்தும் கூடாக மாறியது. கனத்துக்கு வரம்பு வந்ததும் துணி மேலும் விறைத்தது; விறைப்பை அளக்கக் கருவி வந்தது. இப்போது குறிப்பிட்ட எடையை வைத்து அழுத்தும்போது துணி குறைந்தது 3 மி.மீ. வளைய வேண்டும். உடலில் தசை ஒட்டுநாடாக்களை ஒட்டித் தாங்கல் பெறுவதும் தடைசெய்யப்பட்டது. காற்று ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மிகக்கூடாது. காற்று பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும்.

போட்டிக்கு முன் ஒரு சட்டையைக் காட்டிவிட்டு வேறொன்றை அணிவது, விசையைச் சோதனைக்குப் பின் தளர்த்துவது போன்றவற்றைத் தடுக்க, போட்டி முடிந்த உடனேயும் சோதனை நடத்தப்படுகிறது. அதில் தவறினால் தகுதிநீக்கம். இந்தக் கெடுபிடி மிகை என்று எண்ணுவோர் 2024 பாரிசு ஒலிம்பிக்கின் பெண்கள் 10 மீட்டர் காற்று ரைபிள் தகுதிச் சுற்றைப் பார்க்கலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 60 குண்டுகளில் 630.7 பெற்றுப் பத்தாம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். சக இந்தியர் ரமிதா 631.5 பெற்று இறுதிக்குச் சென்றார். இடையே இருந்தது 0.8 புள்ளி. மையப் புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ. ஆன போட்டியில், விறைத்த சட்டை தரும் சிறு உதவிகூட ஒருவரை உள்ளே தள்ளி மற்றொருவரை வெளியே நிறுத்திவிடும்.

கைநடுக்கத்துக்கு மருந்து

பிற விளையாட்டுகளில் ஊக்கமருந்து உடலை முடுக்கும். சுடுதலில் தேவைப்படுவது அதன் எதிர்மறை, அமைதி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியாளரான சுவீடனின் ஆன்சு-குன்னார் லில்யென்வால், பிஸ்டல் சுற்றுக்கு முன் பதற்றம் தணிய இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார். ஒலிம்பிக் வரலாற்றில் போதைப்பொருள் விதியால் தகுதிநீக்கம் பெற்ற முதல் மனிதர் அவர்தான். அவர் அணியும் வெண்கலத்தை இழந்தது. 2008 பெய்சிங்கில் வடகொரியாவின் கிம் சோங்-சு பிஸ்டலில் வென்ற வெள்ளி, வெண்கலம் இரண்டும் பறிக்கப்பட்டன. இதயத்துடிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனோலால் அவர் உடலில் இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் சாதாரணமாக எழுதித் தரும் மருந்து வகை இது என்பதால், நடுத்தர வயதினர் பலர் கலந்துகொள்ளும் அமெச்சூர் போட்டிகளில் தெரியாமல் சிக்குவோரும் இருக்க முடியும்.

பிறர் கருவியில் கை வைப்பது எல்லாவற்றினும் கொடியது. மேலே கண்ட எம்மன்சின் ரைபிளை 2004 ஒலிம்பிக்குக்கு முன் பயிற்சி மையத்தில் யாரோ சேதப்படுத்தினர். அவர் கடன் வாங்கிய ரைபிளால் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். 2008 ஆகத்து 11 அன்று இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தைத் தந்த அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முந்தைய பயிற்சிக் குண்டு 4-இல் போய் விழுந்ததையும், தம் ரைபிளின் குறிகாட்டி இடம் மாறியிருந்ததையும் பின்னர் எழுதினார். உடனே சரிசெய்து, 700.5 என்ற மொத்தத்துடன் வென்றார். அவர் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை.

விதியின் உள்ளெண்ணத்தைக் காக்க ஒரு முயற்சி

தற்காப்புச் சூழலை ஒத்த நடைமுறைச் சுடுதலில் வேறொரு பாதை முயலப்பட்டது. 1976-இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் இதற்கான பன்னாட்டு அமைப்பு தோன்றியது. செப் கூப்பர் அதன் முதல் தலைவர். சில ஆண்டுகளிலேயே இடுப்பில் அணிந்து நடமாடவே முடியாத பந்தயத் துப்பாக்கிகள் அங்கே பெருகின. யாரும் விதியை மீறவில்லை. நோக்கம்தான் காணாமல் போயிற்று. மனம் கசந்த சிலர் 1996-இல் ஐ.டி.பி.ஏ. என்ற தனி அமைப்பைத் தொடங்கினர். அதன் விதிநூலில் ‘சரியானதைச் செய்யத் தவறியதற்கு’ 20 விநாடி தண்டனை உண்டு. தோட்டா நிரப்பும் இடத்தைத் தமக்கு வசதியாக்கிக்கொள்ள வீணாக ஒரு குண்டைச் சுட்டுத் தீர்ப்பது இத்தண்டனைக்குச் சொல்லப்பட்ட பழைய எடுத்துக்காட்டு.

நோக்கம் உயர்ந்தது; நடைமுறை தள்ளாடியது. அந்தக் குண்டு வீணாகச் சுட்டதா, குறி தப்பும் என்ற பயத்தில் சுட்டதா? நடுவர் மனத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று என்ற பேச்சு எழ இதுவே போதும். மறைத்தாரா என்று கேட்கும் விதி இதைவிடப் பயனுள்ளது என்றே தோன்றுகிறது.

இந்தியாவில்

இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் நிறுவப்பட்டது. மக்களவையின் முதல் தலைவர் ஜி.வி. மாவலங்கர் இதன் நிறுவனர். அவர் பெயரில் நடக்கும் அகில இந்தியப் போட்டி, தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் படிகளுள் ஒன்று. தேசிய மாணவர் படை அணிகளும் இதில் கலந்துகொள்கின்றன. சந்தவாசல் பக்கத்து மாணவர் ஒருவர் .22 ரைபிளில் தொடங்கினால் ஏறக்கூடிய ஏணி இது.

இங்கே வளைப்புக்கு ஒரு தனித் தூண்டுதலும் உண்டு. குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டுபவருக்குப் ‘பேர்பெற்ற சுடுவீரர்’ என்ற தகுதி கிடைக்கும். அதனுடன் துப்பாக்கியும் தோட்டாவும் இறக்குமதி செய்யும் சலுகை வரும். 2019-இன் ஆயுதச் சட்டத் திருத்தம் பொதுமக்கள் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. 2020-இல் உள்துறை அமைச்சகம் சுடுவீரர்களுக்கான வரம்பை உயர்த்தியது. பதக்கத்தில் ஆர்வமே இல்லாதவருக்கும் மதிப்பெண் பட்டியல் ஆசைக்குரிய பொருளாகிவிடுகிறது. ஆகவே ஒரு சிறிய சுடுதளத்தில் தவறாக எழுதப்படும் ஒரு மதிப்பெண், அடுத்த தடத்தில் நின்றவரின் இடத்தைப் பறிப்பதோடு, தகுதியற்ற ஒருவர் வீட்டுக்குத் துப்பாக்கி போகவும் வழி திறக்கலாம்.

மின்னணு இலக்குகள் வந்தபின் மதிப்பெண் எழுதும் கை பெருமளவு விலகிவிட்டது. ஆனாலும் அந்தக் கருவிக்குப் பின்னாலும் ஒரு தாள் இருக்கிறது. முறையீட்டுக்கான நேரம் முடியும்வரை அதை எடுத்து வைத்திருக்க வேண்டும். முறையீடு செய்பவர் கட்டணம் கட்ட வேண்டும். முறையீடு ஏற்கப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். மின்னணு வசதி இல்லாத தளங்களில் சுட்ட அட்டைகளைச் சுட்டவர் கையில் கொடுக்காமல் அலுவலரே கழற்றி எடுத்துச் செல்வதும், எண்ணும் அறையில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்ப்பதும் அதே வேலையைச் செய்கின்றன.