கார்த்தேஜின் இரு மேற்றிராணியார்களும் சிர்த்தா நகரத்து நடவடிக்கைக் குறிப்பும்

வட ஆப்பிரிக்கத் திருச்சபையை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இருகூறாகப் பிளந்துவைத்த தொனாத்துவாதிகளின் பிரிவினையைப் பற்றி எழுதுவோர், பாவியின் கையால் வழங்கப்படும் ஞானஸ்நானமும் குருப்பட்டமும் செல்லுமா செல்லாவா என்னும் சித்தாந்த விசாரமாகவே அதனைத் தொடங்கி முடித்துவிடுவது வழக்கம். பிற்காலத்தில் அவ்விசாரமே பிரிவினையின் உயிர்நாடியாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொடக்க ஆண்டுகளின் சாசனங்களை வரிசையாகப் படிப்பவருக்கு, இரு கட்சியாரும் வழக்காடியது வேதகலாபனைக் காலத்தில் இன்னார் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்புக்கொடுத்தாரா என்னும் நிகழ்ச்சியைக் குறித்தே என்பதும், அவ்வழக்கில் வென்றாக வேண்டும் என்னும் ஆவலே கத்தோலிக்கக் கட்சியாரைத் தம் சித்தாந்தத்தை உரக்கச் சொல்லவிடாமல் தடுத்தது என்பதும் புலனாகும்.

தியோக்கிளேசியான் சக்கரவர்த்தி 303ஆம் ஆண்டில் தொடங்கிய வேதகலாபனை அடங்கிச் சில ஆண்டுகள் சென்றபின், கார்த்தேஜ் மேற்றிராணியார் மென்சூரியுஸ் இறக்க, அவருடைய தலைமைத் தியாக்கோனாகிய செசிலியான் அவசர அவசரமாக அபிஷேகம் செய்விக்கப்பட்டார். அபிஷேகம் செய்தவர் அப்துங்கா ஊர் பெலிக்ஸ். நுமிதிய நாட்டு மேற்றிராணியார்கள் ஏறக்குறைய எழுபதின்மர் திரண்டு வந்து, பெலிக்ஸ் வேதநூலை ஒப்புக்கொடுத்தவராதலால் அவர் செய்த அபிஷேகம் செல்லாது என்று தீர்மானித்து, மயோரினுஸ் என்னும் வாசகரைப் போட்டி மேற்றிராணியாராக அமர்த்தினர். அவர் இறந்தபின் அவ்விடத்துக்கு வந்தவரே தொனாத்துஸ்.

இவ்விடத்தில் நுமிதியரைக் கலகக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. திருச்சபைக்குப் புறம்பானவன் தன்னிடம் இல்லாத பரிசுத்த ஆவியைப் பிறனுக்கு வழங்க இயலாது என்பது, வேதசாட்சியாகிய சிப்ரியான் தலைமையில் 256இல் கார்த்தேஜில் கூடிய மேற்றிராணியார்கள் எண்பத்தெழுவர் உரோமாபுரியின் கருத்தையும் எதிர்த்து நிலைநாட்டிய ஆப்பிரிக்க மரபு. வேதநூலை ஒப்புக்கொடுத்தவனும் திருச்சபைக்குப் புறம்பானவனே என்று கொண்டு, அம்மரபின் வாரிசுரிமையை நுமிதியர் தமதென்றனர். அதனை வெளிப்படையாக மறுக்கும் துணிவு செசிலியானுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பெலிக்ஸ் எனக்கு ஒன்றும் அளிக்கவில்லை என்பீர்களாயின், நான் இன்னும் தியாக்கோன் என்றே கொண்டு நீங்களே வந்து எனக்குப் பட்டம் கொடுங்கள் என்று அவர் சொல்லியனுப்பினார் எனப் பின்னர்த் தொனாத்துவாதிகளை எதிர்த்து எழுதிய ஒப்தாத்துஸ் எழுதிவைத்திருக்கிறார். அது பரிகாசமாகச் சொன்னதாயிருக்கும் என்பது பிற்காலத்தில் அகுஸ்தீன் கூறிய சமாதானம். என் கருத்தில் அச்சமாதானம் வலிந்து கூறியது. எதிரியின் கொள்கையை ஒப்புக்கொண்டு, அவன் கூறும் குற்றத்தை மட்டுமே மறுப்பவனின் பேச்சாகவே அது ஒலிக்கிறது.

கான்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியிடம் வழக்குச் சென்றபின் இந்நிலை இன்னும் தெளிவாகிறது. 314இல் ஆர்லஸ் நகரில் கூடிய சங்கம், நூலை ஒப்புக்கொடுத்ததாக அரசாங்கக் குறிப்புகளால் ருசுவானவரைப் பதவிநீக்க வேண்டும் என்றும், அவர் பிறருக்குக் கொடுத்த பட்டம் மட்டும் நிலைக்கும் என்றும் விதித்தது. அவ்விதி ஒன்றே வழக்கை முடிக்கப் போதுமானது. பெலிக்ஸ் குற்றவாளியே ஆயினும் செசிலியானின் ஆசனம் அசையாது. அங்ஙனமிருந்தும் பெலிக்ஸைப் பற்றித் தனி விசாரணை கார்த்தேஜில் நடந்தது. அவர் குற்றமற்றவர் என்றும், அவருக்கெதிராகக் காட்டப்பட்ட கடிதத்தில் இங்கெந்தியுஸ் என்பவன் பொய்வரிகளைச் சேர்த்தான் என்றும் தீர்ப்பாயிற்று. வெற்றிதான். ஆனால் பெலிக்ஸின் கை தூய்மையானதா என்னும் கேள்வி முக்கியமானதே என்பதை அவ்வெற்றியே உறுதிப்படுத்திவிட்டது.

தொடக்க ஆண்டுகளின் சாசனங்களுள் மிகுந்த சுவையுடையது, 320இல் நுமிதிய ஆளுநர் சேனோபிலுஸ் முன்னிலையில் நடந்த விசாரணையின் பதிவு. சிர்த்தா நகரத்து மேற்றிராணியாரும், மயோரினுஸை அபிஷேகம் செய்தவர்களுள் ஒருவருமான சில்வானுஸோடு மனத்தாங்கல் கொண்ட அவருடைய தியாக்கோன் நுந்தினாரியுஸ், 303ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அந்நகரத்துக் கோவிலைச் சோதனையிட்டபோது நகராட்சியார் எழுதிய குறிப்பை மன்றில் படிக்கச் செய்தார். பொற்கிண்ணம் இரண்டு, வெள்ளிக்கிண்ணம் ஆறு, பெண்களின் அங்கி எண்பத்திரண்டு, ஆண்களின் காலணி பதின்மூன்று சோடி என எழுத்தன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகிறான். ஏழைகளுக்கென்று சேர்த்துவைத்த துணிமணிகளாக இருக்கலாம். நூலகத்தின் அலமாரிகள் வெறுமையாயிருக்கின்றன. அப்போது உபதியாக்கோனாயிருந்த சில்வானுஸ், பெரிய சாடி ஒன்றின் பின்னால் கிடந்தன என்று சொல்லி, ஒரு வெள்ளிப் பேழையையும் ஒரு வெள்ளி விளக்கையும் கொண்டுவந்து கொடுக்கிறார். தூய கையரையே தேடிய கட்சியின் மூலபுருஷர்களுள் ஒருவர் இவர்! செசிலியானால் முன்னர்க் கண்டிக்கப்பட்ட செல்வச் சீமாட்டி லூசில்லா, மயோரினுஸின் தேர்தலுக்காக போல்லிஸ் என்னும் உரோமப் பணம் நானூறு கொடுத்தாள் என்பதும் அவ்விசாரணையில் வெளியாயிற்று.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒப்தாத்துஸும், அவரினும் விரிவாக அகுஸ்தீனும், ஞானஸ்நானம் கொடுப்பவர் எவராயினும் அது கிறிஸ்துவினுடையதே என்று நிலைநாட்டியபின், பெலிக்ஸ், சில்வானுஸ் ஆகிய இருவரின் நடத்தையும் தர்க்க முறைப்படி பொருளற்றதாகிவிடுகிறது. ஆயினும் அகுஸ்தீன் சிர்த்தாக் குறிப்பைக் கைவிடவில்லை. கடிதங்களிலும் கண்டன நூல்களிலும் அதனை மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டுகிறார். 411இல் சக்கரவர்த்தியின் பிரதிநிதி மர்சேல்லீனுஸ் தலைமையில் கார்த்தேஜில் இரு கட்சியாரும் எதிரெதிராக நின்று வாதாடியபோதும், திருச்சபையின் இலக்கணம் யாது என்னும் கேள்வியோடு செசிலியானைப் பற்றிய அந்தப் பழைய கேள்வியும் தனித் தலைப்பாக எடுக்கப்பட்டு, நூறாண்டுக்கு முந்திய ஏடுகள் மறுபடியும் படிக்கப்பட்டன.