காஷ்மீரி கேட் கல்லாப் பெட்டி

டில்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில் காஷ்மீரி கேட் என்றால் எனக்கு பஸ் ஸ்டாண்டு மட்டும்தான். பிறகு கடன் பிரிவில் உட்கார வைத்தார்கள். கடைகளில் சரக்கு சரிபார்க்கப் போய்ப்போய் அந்தச் சந்துகள் பழகிவிட்டன. 1857-ல் வெள்ளைக்காரர்கள் வெடி வைத்துத் தகர்த்த கோட்டை வாசல் ஒரு பக்கம், மலை மாதிரி கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் மறுபக்கம்.

1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபை விட்டு வந்தவர்கள் பலர் இங்கே உதிரி பாக வியாபாரத்தில் இறங்கினார்கள். அன்று ரோட்டில் ஓடியது பெரும்பாலும் அம்பாசடரும் ஃபியட்டும். மாடல் லேசில் மாறாது. கடைக்காரர் தலைக்குள்ளேயே கேட்லாக் இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்றானதும் மாடல்கள் பெருகின. மனப்பாடம் போதவில்லை. போதாக்குறைக்கு, கம்பெனிகள் பார்ட்ஸையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடவில்லை. இதற்காகத்தான் 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. (அது மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை.)

இப்போது செயற்கை நுண்ணறிவு. உடைந்த பாகத்தைப் போனில் படம் எடுத்தால் என்ன பார்ட் என்று அதுவே தேடித் தருகிறது. இனி கடை எதற்கு என்கிறார்கள். இவர்களுடைய கணக்கு நோட்டைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், வெறும் ஞாபகசக்தியால் இந்தக் கடைகள் பிழைக்கவில்லை. மெக்கானிக் காலையில் கடனுக்குச் சரக்கு எடுப்பார். கார்க்காரர் காசு கொடுத்த பிறகு வந்து கட்டுவார். பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். டூப்ளிகேட் புழங்கும் தொழிலில் "இது ஒரிஜினல்" என்று சொன்ன ஆள் நாளைக்கும் அதே கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரேக் பிடிக்காவிட்டால் போனிடம் போய்ச் சண்டை போட முடியுமா, நீங்களே சொல்லுங்கள் :-)

என் பயம் வேறு. மென்பொருள் எங்கள் பக்கமும் வந்துவிட்டதே! போன வருடம் இரண்டு தலைமுறைக் கடை ஒன்றின் லிமிட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டது. காரணம், 90 நாள் தாண்டி மெக்கானிக்குகளிடம் நிற்கும் சில்லறை பாக்கி. எந்தக் கடன் அந்தக் கடைக்கு வாடிக்கையைப் பிடித்து வைத்திருக்கிறதோ, அதே கடன். பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கேட்டதில் பாதிதான் வந்தது.

சொல்லப் போனபோது பெரியவர் டீ வரவழைத்தார். "கோயி பாத் நஹீ, மதராஸி சாப்" என்று சிரித்தார். எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை.