குறை ஒருவருடையது, சுமை இன்னொருவருக்கு: குற்ற மேல்முறையீடுகளில் ‘பாதகம்’ என்னும் அளவுகோல்

விசாரணை நடைமுறை தவறிவிட்டது என்று மேல்முறையீட்டில் வாதிடும் எதிரித் தரப்பிடம் நீதிமன்றம் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அதனால் உமக்கு நேர்ந்த பாதகம் என்ன? குறையைச் செய்தது அரசுத் தரப்பு. பாதகத்தைக் காட்ட வேண்டியவரோ தண்டிக்கப்பட்டவர். இந்தச் சுமை இடம் மாறவேண்டும் என்பது என் வாதம். அதற்கான பிடி பழைய தீர்ப்பொன்றிலேயே இருக்கிறது.

முதலில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஓராண்டுக்குள் நிகழ்ந்த ஒரே வகைக் குற்றங்களில் மூன்றை மட்டுமே சேர்த்து விசாரிக்கலாம் என்றது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 234ஆம் பிரிவு. சென்னையிலிருந்து பிரிவி கவுன்சில் வரை போன சுப்பிரமணிய அய்யர் வழக்கிலோ, ஈராண்டுகளில் பரவிய 41 செயல்களை அடுக்கிக் குற்றச்சாட்டு வனையப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் கழிக்க வேண்டியதைக் கழித்து, மிச்சத்தின்மேல் தண்டனையை நிறுத்தப் பார்த்தது. 1901இல் கவுன்சில் அதை ஏற்கவில்லை. சட்டம் வெளிப்படையாகத் தடுத்ததைச் செய்வது, அதே சட்டத்தின் 537ஆம் பிரிவால் சரிக்கட்டக்கூடிய வெறும் ஒழுங்கீனம் ஆகாது என்றது. பாதகம் உண்டா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை.

அந்தக் கண்டிப்பு நீடிக்கவில்லை, நீடித்திருக்கவும் கூடாது. 1955இல் வில்லி ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றச்சாட்டின் வடிவத்தைவிட எதிரி தன்மீதான வழக்கைப் புரிந்து எதிர்வாதம் செய்ய முடிந்ததா என்பதே முக்கியம் என்றது. நியாயமான நிலைப்பாடுதான். ஆனால், முடிந்ததா இல்லையா என்பதை யார் மெய்ப்பிப்பது?

இங்கேதான் புலுகுரி கோட்டையா வழக்கு உதவுகிறது. 1947ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆர். தொகுப்பில் உள்ள இத்தீர்ப்பின் பெயரைச் சொன்னாலே வழக்கறிஞர்களுக்குச் சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவுதான் நினைவுக்கு வரும். அதன் மறுபாதியை அவ்வளவாகப் புரட்டுவதில்லை. போலீசாரிடம் சாட்சிகள் சொன்ன வாக்குமூலங்களின் நகல் எதிரிக்குத் தாமதமாகக் கிடைத்தால் குறையைச் சரிக்கட்டலாம். கிடைக்கவே இல்லையென்றால் பாதகம் நேர்ந்தது என்ற அனுமானம் ஏறத்தாழ மறுக்க முடியாதது என்றது கவுன்சில். இதில் தர்க்கம் எளிது. கண்ணால் பார்க்காத ஆவணத்தை வைத்துக் குறுக்கு விசாரணையில் என்ன கேட்டிருப்பேன் என்று எவரால் காட்ட முடியும்?

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465ஆம் பிரிவு இதற்கு எதிர்த்திசையில் இழுத்தது. ஆட்சேபத்தை முன்னரே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் கருதச் சொன்னது. அரசுத் தரப்பு மறைத்ததை முன்னரே ஆட்சேபிக்க வழியேது?

சுமையை அரசுமேல் வைத்தால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்பார்கள். குறை நிரூபணமானாலே விடுதலை என்று நான் சொல்லவில்லை; மறுவிசாரணைக்கும் வழி உண்டு. சம்சாஹேப் முல்தானி வழக்கில் (2001) கொலைக் குற்றச்சாட்டு மட்டுமே வனையப்பட்டிருக்க, வரதட்சணை மரணத்துக்குத் தண்டிக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அக்குற்றத்தில் சட்ட அனுமானத்தை முறியடிக்கும் பொறுப்பு எதிரிக்கு உண்டு. அதற்கு வாய்ப்பே தராதது நீதி தவறியதாகும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. மறுவிசாரணை அரசுத் தரப்பு தன் ஓட்டைகளை அடைத்துக்கொள்வதற்கு அன்று என்று உகா கோல்ஹே தீர்ப்பு 1963இலேயே எல்லை வகுத்துவிட்டது.

ஆகவே, சட்டம் கட்டளையிட்ட ஒன்றை அரசுத் தரப்பே செய்யத் தவறியிருந்தால், பாதகம் நேரவில்லை என்று காட்டும் பொறுப்பை அதன்மேலேயே வைக்க ஒரு வரி போதும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 465ஆம் பிரிவு 511ஆக எண் மாறியிருக்கிறது. அந்த வரி அதில் சேர்க்கப்படவில்லை.