ரிம் பெரிசான கதை

குருபரப்பள்ளியில் அப்பா டயர் கடை போட்ட காலத்தில் கார்க்காரர் யாரும் அளவைப் பற்றி யோசித்ததில்லை. அம்பாசடர் என்றால் 5.90-15, பியட் என்றால் 5.20-14, எப்போதாவது மெட்ராஸ் பக்கமிருந்து வரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு 5.20-13. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. கடைக்குச் சோறு போட்டது கார் அல்ல, லாரி. கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை மேட்டில் முக்கி முனகி ஏறி, சூளகிரி வழியாக ஓசூர், பெங்களூரு போகும் லாரிகளின் 9.00-20 டயர்.

அந்த டயருக்குள் ட்யூப், ட்யூபுக்கு அடியில் ஃப்ளாப், எல்லாவற்றையும் ரிம்மோடு பிடித்து நிறுத்த ஒரு லாக் ரிங். ரிங் சரியாக உட்காராமல் காற்றேற்றினால் தெறித்து ஆளையே தூக்கிவிடும். அதனால் ரிம்மின் ஓட்டைகளில் சங்கிலியைக் கோத்துக் கட்டிவிட்டு, ஹோஸை நீளமாக இழுத்துக்கொண்டு தள்ளி நின்றுதான் அப்பா காற்றடிப்பார். சங்கிலி கட்டாத கடைப் பக்கம் என்னை ஒதுங்கக்கூட விடமாட்டார். டயர், ரிம் இரண்டுமே பெரும்பாலும் மெட்ராஸ் சரக்குதான். டன்லப் 1959 முதல் அம்பத்தூரில் டயர் செய்தது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். அறுபதுகளில் டயருக்கு வந்தது. ரிம்முக்குப் பாடியில் வீல்ஸ் இந்தியா.

5.90-15 என்பதில் இரண்டு எண்கள்தானே இருக்கின்றன என்று இன்றைய பையன்கள் கேட்பார்கள். அகலம் 5.90 இன்ச், ரிம் 15 இன்ச். உயரத்தைத் தனியாகச் சொல்ல அவசியமில்லை, அது கிட்டத்தட்ட அகலத்தின் அளவே இருந்தது. ஜல்லி பெயர்ந்த அந்நாளைய ரோட்டுக்கு அவ்வளவு ரப்பர் வேண்டியிருந்தது. மிஷலின் கம்பெனி 1946-இல் காப்புரிமை வாங்கிய ரேடியல் டயர் பரவிய பிறகுதான் டயரின் பக்கச்சுவரை, அதாவது சைடு வாலைக் குட்டையாக்க வழி பிறந்தது. இந்தியாவில் முதல் ரேடியலை 1977-இல் ஜே.கே. டயர் செய்தது. மூன்றாவது எண் எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது மாருதியோடு.

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் டயரை நாங்கள் அறிந்த அளவு 145/70 ஆர்12. அகலம் 145 மில்லிமீட்டர், சைடு வால் அதில் 70 சதவீதம், ரிம் 12 இன்ச். லாரி டயர் புரட்டிய கைக்கு அது விளையாட்டுச் சாமான். ஆனால் கணக்கு தெளிவானது. சக்கரம் சின்னதானால் வண்டிக்குள் கால் நீட்ட இடம் கிடைக்கும், எடையும் விலையும் குறையும். இங்கிலாந்தில் இசிகோனிஸ் 1959-இலேயே மினி காருக்கு 10 இன்ச் சக்கரம் போட்டது இதற்குத்தான்.

ஓசூரில் 1980-இல் டி.வி.எஸ். 50-உம் அசோக் லேலண்டும் வந்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போனார்கள், மொபெட் வாங்கினார்கள். கார் வாங்கியது அடுத்த தலைமுறை. 2001-இல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தில் கிருஷ்ணகிரி - ஓசூர் ரோடு நான்கு வழியானது. 2005-இல் மாருதியின் ஸ்விஃப்ட் வந்தது. பெரிய ரிம் ஆசை ரோடு வழவழப்பான பிறகு பிறந்தது என்பது என் கட்சி. பெங்களூரு ஜே.சி. ரோட்டு கார் சாமான் கடைகளுக்கு ஒரு மணி நேரச் சொச்சத்தில் போகலாம் என்றானதும் ஞாயிற்றுக்கிழமை போய் அலாய் வீல் மாட்டிக்கொண்டு வருவது சிப்காட் தொழிற்பேட்டைப் பையன்களுக்கு வழக்கமாகிவிட்டது.

அலாய் புதுச்சரக்கு இல்லை. புகாட்டி 1924-இலேயே பந்தயக் காருக்கு அலுமினியச் சக்கரம் போட்டது.

என்னிடம் வருகிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான்: “அண்ணா, ஸ்விஃப்டுக்கு 17 போடலாமா? கணக்கு சரியா வருது.” கணக்கு சரிதான். பழைய ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 டயருக்கு மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 205/45 ஆர்17 போட்டால் 616. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் சைடு வால் 132-இலிருந்து 92-க்கு இறங்கிவிடும். நான்கு வழிச்சாலையில் இது தெரியாது. ஹைவேயை விட்டு வேப்பனப்பள்ளி ரோட்டில் திரும்பி ஒரு குழியில் விட்டால் தெரியும். இரும்பு ரிம் நசுங்கும், தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும், அதைத் தட்டவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. நான் 185/65 ஆர்15-க்கு மேல் போகச் சொல்வதில்லை. விட்டம் 621, சைடு வால் 120. 2011-இல் வந்த ஸ்விஃப்டின் உயர்ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவு அது.

டயரைவிட ரிம்மில்தான் ஏமாறுகிறார்கள். எட்டு ஓட்டை ரிம் என்று ஒன்று வரும். 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு, 114.3-இல் நான்கு. எந்த வண்டிக்கும் சேரட்டும் என்று நடு ஓட்டையையும் 73 மில்லிமீட்டருக்குக் குடைந்திருப்பார்கள். ஸ்விஃப்ட் ஹப் 54.1. இடையில் ஹப் ரிங் போடாமல் நட்டை நம்பி முடுக்கினால் சக்கரம் மையத்தில் உட்காராது. வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்த என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ரிங் விலை அந்த அலாய் விலையில் தூசு.

கழற்றிய 14 இன்ச் இரும்பு ரிம்மைப் பலர் கடையிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அது தேங்குவதே இல்லை. டிசையர் வைத்து டாக்சி ஓட்டுகிறவர்கள் போன் போட்டு வைத்திருந்து, வந்ததும் எடுத்துப் போகிறார்கள். பெங்களூரு விமான நிலையத்துக்கும் வேப்பனப்பள்ளிக்கும் மாறி மாறி ஓடுகிற அவர்களில் ஒருவர்கூட 17 கேட்டதில்லை.