எக்ஸ்மஸில் இருக்கிற எக்ஸ்

போன மார்கழியில தங்கச்சி தன்ர வேதக்காரச் சிநேகிதிக்கு ஒரு வாழ்த்து மட்டை எழுதினாள். 'எக்ஸ்மஸ்' எண்டு எழுதினதைப் பாத்திட்டு, பக்கத்தில நிண்ட அண்ணா ஒருத்தர், "கிறிஸ்துவை வெட்டிப்போட்டு எக்ஸ் போடுறியோ? அவை கோவிப்பினம்" எண்டார். தங்கச்சி மட்டையைக் கிழிச்சுப் போட்டாள்.

கிழிச்சிருக்கத் தேவையில்லை. அது ஆங்கில எக்ஸே இல்லை. கிரேக்கத்தில் 'கிறிஸ்து' என்ற பெயரின் முதல் எழுத்து அது. பார்வைக்குப் புள்ளடி மாதிரி இருக்கும். ஆதிக் கிறிஸ்தவர்கள் ஏடுகளைப் படியெடுத்தபோது இயேசு, கிறிஸ்து போன்ற பெயர்களைச் சில எழுத்தாகச் சுருக்கி, மேலே ஒரு கோடு இழுப்பார்கள். இடத்தை மிச்சம் பிடிப்பதற்கல்ல, மரியாதைக்காகவே அப்படிச் செய்தார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் காலத்து நாணயங்களிலும் அந்த எழுத்து கிறிஸ்துவின் அடையாளமாக ஏறியது. ஆங்கிலேயத் துறவிகளும் அந்தச் சுருக்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். 'மஸ்' என்பது பூசை. 18ஆம் நூற்றாண்டில் இன்றைய 'எக்ஸ்மஸ்' வடிவம் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. எழுதுறதுதான் அப்படி, வாசிக்கேக்க 'கிறிஸ்மஸ்' எண்டே வாசிக்கலாம்.

பள்ளிக்கூடக் கொப்பியில புள்ளடி விழுந்தால் பிழை. வாக்குச் சீட்டில அதே புள்ளடிதான் எங்கட விருப்பம். இடத்தைப் பொறுத்துத்தான் அடையாளத்துக்குப் பொருள்.

இது எங்களுக்குப் புதுசும் இல்லை. கடிதமோ கணக்கோ, தலைப்பில 'உ' போட்டுத்தான் தொடங்குவம். கல்வளைப் பிள்ளையார் இருக்கிற சண்டிலிப்பாயில அதை ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. பிள்ளையாரை ஒற்றை எழுத்தாக்கி அவமதிச்சிட்டம் எண்டு ஒருத்தரும் சண்டைக்கு வாறேல்லையே!

எக்ஸ் பிடிக்காவிட்டால் எங்களிடம் 'நத்தார்' இருக்கிறது. பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. சிங்களத்தில் அது 'நத்தல்'. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், 1658இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி 39 வருசத்தில முடிஞ்சுது. சொல் இண்டைக்கும் எங்கட வாயில இருக்கு. வாஸ்கோ ட காமா 1497 நத்தாரையொட்டிக் கடந்த தென்னாபிரிக்கக் கரைக்கும் 'நத்தால்' என்றே பெயர் வைத்தார். 1860 முதல் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனது அந்த நேற்றாலுக்குத்தான்.

ஒரு எழுத்தின்ர கதை தெரியாததால ஒரு வாழ்த்து போய்ச் சேரேல்லை. இந்த மார்கழிக்கு தங்கச்சி புது மட்டை வாங்கி வச்சிருக்கிறாள். எக்ஸ் போட்டாலும் சரி, நத்தார் எண்டு எழுதினாலும் சரி, கிழிக்காமல் அனுப்பட்டும்.