கித்துள் மரமும் தேத்தண்ணீர்க் கோப்பையும்

சென்ற தவணையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெறும் குளிர்பானப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். அதன் மேலொட்டில் பச்சை நிற அடையாளம் இருந்தது. "சேர், இதில் சீனி குறைவு என்று போட்டிருக்கிறது. ஆனால் இனிக்கிறதே, அது எப்படி?" என்று கேட்டாள். கேள்வி விஞ்ஞானத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் அதற்குரிய முழு விடை வரலாற்றில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

2016 ஆகஸ்ட் முதலாந் திகதியிலிருந்து நம் நாட்டிற் குளிர்பானப் போத்தல்களுக்கு நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிறம் சீனியை மட்டுமே அளக்கிறது. சீனியை எடுத்துவிட்டுச் செயற்கை இனிப்பைச் சேர்த்தால் சிவப்பும் பச்சையாகிவிடும்.

செயற்கை இனிப்புகளில் மூத்தது சக்கரின். 1879 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த பால்பேர்க் என்பவர் தற்செயலாக அதைக் கண்டார். சீனி வாங்க வசதியற்ற ஐரோப்பிய ஏழைகளின் கோப்பைக்கு அது விரைவில் வந்து சேர்ந்தது. 1902 இல் ஜெர்மனி அதனை மருந்துக் கடைகளுக்குள் முடக்கியது. மக்களின் உடல்நலம் கருதியா? பீட்கிழங்குச் சீனி முதலாளிகளின் சந்தையைக் காப்பதே அச்சட்டத்தின் பெருநோக்கம். ஆக, மக்கள் எதை இனிப்பென்று உண்ண வேண்டும் என்பதை அன்றே இலாபம் தீர்மானித்தது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். சப்பிரகமுவ மலைகளுக்குத் தேயிலையும் இறப்பரும் வருவதற்கு முன்பே அங்கே இனிப்புக்கென்று ஒரு மரம் இருந்தது. அதுவே கித்துள், தமிழ்நாட்டார் கூந்தற்பனை என்பர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளிவந்த தம் நூலில் இம்மரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு மரம் நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் சாறு தரும் என்றும், அதனைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வர் என்றும், திறமையோடு செய்தால் இரண்டாந்தரச் சீனியளவு வெண்மையும் பெறும் என்றும் அவர் குறித்துள்ளார்.

இந்த இனிப்பு இயற்கை தானே தந்த கொடை என்று எண்ணினால் அது பிழை. பாளை வெளிவரும் பருவமறிந்து மருந்து வைத்துக் கட்ட வேண்டும். காலையிலும் மாலையிலும் உயிரைப் பணயம் வைத்து ஏறி, மெல்லியதாகச் சீவ வேண்டும். யாழ்ப்பாணத்திற் பதநீர் புளிக்காதிருக்கச் சுண்ணாம்பு இடுவதுபோல, இங்கே முட்டிக்குள் ஹல் மரப்பட்டையை இடுவர். பின்னர் பெண்கள் விறகடுப்பின் புகையில் நின்று காய்ச்சினாற் பாணி. மேலும் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தாற் கருப்பட்டி. அத்தனை அறிவும் உழைப்பும் கொண்ட இத்தொழிலை, கண்டி இராச்சியம் ஒரு சாதியாரின் குலத்தொழிலாக வகுத்தது. அரண்மனைக்குக் கருப்பட்டி செலுத்துவது அவர்களுடைய இராஜகாரியமாயிற்று. இனிப்பு மேலோர்க்கு, சாதிப் பெயரால் வந்த இழிவு காய்ச்சியவனுக்கு!

1832 இல் இராஜகாரியம் ஒழிந்தது. 1840 இல் வந்தது முடிக்குரிய காணிச் சட்டம். பயிரிடப்படாத காடும் தரிசும் முடிக்கே உரியன என்று அது கூறியது. கித்துளோ பெரும்பாலும் எவரும் நட்டு வளர்ப்பதன்று. மரநாய் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, காட்டோரங்களில் தானே முளைப்பது. அக்காடுகள் கோப்பிக்காகவும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும், பின்னர் இறப்பருக்காகவும் வெட்டப்பட்டன. கிராமத்தவன் தன் காட்டை இழந்தான். அந்தக் காட்டை வெட்டித் தோட்டமாக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களோ கங்காணியின் கடனில் தங்களையே இழந்தார்கள். கடன் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் போகவிடாத "துண்டு" முறை 1921 வரை நீடித்தது.

என் அப்பாயி கேகாலைப் பகுதித் தோட்டமொன்றில் இறப்பர்ப் பால் வெட்டியவர். இருள் பிரியுமுன் மலைக்குப் போவார். அதே நேரத்தில் எல்லைக்கு அப்பால், கிராமத்துச் சிங்கள முதியவர் ஒருவர் கித்துள் மரத்தில் ஏறுவாராம். இருவரும் மரத்தைச் சீவிப் பிழைத்தவர்கள். இருவருக்கும் பொதுவான மொழி அதிகமில்லை. ஆயினும் விசேட நாட்களில் ஒரு கருப்பட்டி வட்டு வேலியைக் கடந்து வரும். எங்கள் லயத்திலிருந்து பலகாரம் கடந்து போகும். அக்கருப்பட்டியைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணீர் குடிப்பதே எங்கள் வீட்டு வழக்கம். எழுபதுகளில் சீனிப் பங்கீடு குறைந்து, தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்த காலத்தில், அந்தத் துண்டுகூட அரிதாயிற்று என்று அப்பாயி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்றைய நிலை என்ன? கித்துள் கருப்பட்டியும் பாணியும் நகரத்துப் பெருங்கடைகளில் "இயற்கை இனிப்பு" என்ற பெயரோடு உயர்ந்த விலைக்கு விற்கின்றன. கடல் கடந்தும் போகின்றன. மலிவாகக் கிடைப்பதில் சீனி கலப்பது ஊரறிந்த செய்தி. ஏறுவதற்கோ இளைஞர் முன்வருவதில்லை. விழுந்தால் அவர்களைத் தாங்குவார் யார்? ஆயிரம் ரூபா நாட்சம்பளம் பெறவே 2021 வரை போராடிய தொழிலாளியின் பிள்ளைக்கு எட்டுவது நிறமூட்டிய போத்தல்தான்.

அப்படியாயின், செயற்கையை விட்டு இயற்கைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? இவ்விடத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவுக்காரருக்கு அது மருந்தாகாது. 2023 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சீனியல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியபோது, ஸ்டீவியா என்ற இலையிலிருந்து எடுக்கும் இனிப்பையும் அதே பட்டியலிற் சேர்த்தது. பராகுவே, பிரேசில் நாடுகளின் குவரானிப் பழங்குடியினர் தலைமுறைகளாக அறிந்திருந்த இலை அது. இன்று அதன் சாரம் உலகக் குளிர்பானக் கம்பனிகளின் வாணிபம். அறிவைத் தந்த எங்களுக்குப் பங்கெங்கே என்று குவரானியர் கேட்கிறார்கள்.

கித்துளேறியின் கேள்வியும் கொழுந்து பறிப்பவளின் கேள்வியும் அதுதான். நிலக்கரித் தாரிலிருந்து பிறந்தாலும் பாளையிலிருந்து சொட்டினாலும், உழைத்தவன் கைக்கு வராத இனிப்பு வாணிபச் சரக்கேயாகும். மரமேறுபவனுக்குக் காப்பும் நியாய விலையும், தோட்டத் தொழிலாளிக்கு வாழத்தக்க கூலியும், பாடசாலைப் பிள்ளைக்குத் தூய குடிநீரும் சத்துணவும் கிடைக்கட்டும். அதன்பின் எந்த இனிப்பை எவ்வளவு உண்பது என்பதை மக்கள் தாமே அறிந்து முடிவு செய்வார்கள்.

அந்த மாணவிக்கு இரசாயனப் பெயர்களை முதலில் எழுதிக் காட்டினேன். பிறகு கித்துள் மரத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். "எங்கள் தோட்டத்து எல்லையிலும் ஒன்று நிற்கிறது, சேர், யாரும் ஏறுவதில்லை" என்றாள் அவள். அடுத்த பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கினோம்.